பழைய லான்ட் றோவரை வீட்டுக் கொட்டிலில் திருத்தி எடுத்தல்: வன்னியில் வேலை செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் திருத்தத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன லான்ட் றோவர்கள் எத்தனையோ கிடக்கின்றன. காசு முடிந்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் வேலையின் வரிசை பிழைத்திருப்பது தெரியும். வாங்கிய கிழமையே கதவு, மட்கார்ட், பொனற் எல்லாவற்றையும் கழற்றி வேலியில் சாத்திவிடுவார்கள். அடுத்த மாரி வரும்போது சசி (வாகனத்தின் அடிச்சட்டம்) ஒரு பக்கம், கியர் பொக்ஸ் ஒரு பக்கம். எந்தப் போல்ட் எங்கே இருந்தது என்று கழற்றியவருக்கே நினைவிராது.

அதனால் இந்த வழிகாட்டி வரிசையைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசும். 1958 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 2, 2ஏ, 3 ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் 88 அங்குலம், 109 அங்குலம் என்ற இரண்டு வகைக்கும் வேலைமுறை ஒன்றுதான். எஞ்சின் அளவுகள் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்குரியவை.

1. முதலில் புத்தகமும் இலக்கமும்

வாகனத்தைப் பார்க்க முன் அதன் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். போரிலும் இடப்பெயர்விலும் பத்திரங்கள் தொலைந்துபோன வாகனங்கள் வன்னியில் நிறைய. உரிமையாளர் யாரென்று தெரியாமல் கைமாறிக்கொண்டிருப்பவையும் உண்டு. புத்தகமும் உரிமையும் தெளிவில்லாத வாகனத்துக்கு எவ்வளவு உழைத்தாலும் வீதிக்குக் கொண்டுவருவது கடினம்.

சீரிஸ் 2, 2ஏ வாகனங்களில் சசி இலக்கம் முன்பக்கம் வலதுபுற ஸ்பிரிங் தாங்கியில் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் இலக்கம் புளொக்கின் முன்பக்கம் இடது மேல்மூலையில் இருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, பித்தளைத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் தெரியும். கிறைண்டரை அங்கே கொண்டுபோகவே கூடாது. இலக்கம் அழிந்தால் பிறகு அதை நீங்கள்தான் அழித்தீர்கள் என்ற சந்தேகம் வரும்.

புத்தகத்தில் எரிபொருள் பெற்றோல் என்றிருக்க, உள்ளே யப்பான் டீசல் எஞ்சின் இருப்பது எங்கள் நாட்டில் சாதாரணம். அது பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிறமும் புத்தகத்தில் உண்டு. மாற்றுவதானால் அதையும் பதிய வேண்டும். சந்தேகம் இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துத் தெளிவான பிறகு காசைக் கொடுங்கள். வரிப்பத்திரம் பல வருடம் புதுப்பிக்காமல் கிடந்ததென்றால் நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

2. கிடக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டியவை

வாகனம் பற்றைக்குள்ளோ பழைய பங்கர்க் கரையிலோ கிடந்தால், இழுக்க முன் அந்த இடம் மிதிவெடி அகற்றி முடித்த இடமா என்று கிராம அலுவலரிடமோ பொலிஸிலோ கேளுங்கள். பார்த்துச் சந்தேகமான பொருள் எதுவும் தென்பட்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து அறிவியுங்கள். இதில் அவசரம் வேண்டாம். பிறகு நீளமான தடியால் சீற்றுக்குக் கீழும் பொனற்றுக்குள்ளும் தட்டிப் பாருங்கள். குளவிக்கூடு நிச்சயம் இருக்கும். புடையன் சுருண்டு கிடக்கவும் கூடும்.

அடுத்தது சசி. லான்ட் றோவரின் மேல்தகடுகள் அலுமினியக் கலவை, அவை துருப்பிடிக்காது. அதனால் வெளியில் பார்க்க வாகனம் நன்றாகத் தெரியும், கீழே சசி உக்கிப்போயிருக்கும். சசி உள்ளே வெறுமையான இரும்புப் பெட்டி. சேறு உள்ளே போய்த் தங்கி உள்ளிருந்து வெளியே அரிக்கும். சின்னச் சுத்தியலால் அரை அடிக்கு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உக்கிய இடம் பொத்தென்று கேட்கும், சில இடத்தில் சுத்தியல் உள்ளேயே போகும்.

கூடுதலாக உக்குவது பின் குறுக்குச் சட்டம், முன் ஸ்பிரிங் பிடிக்கும் நுனிகள், பக்கவாட்டில் பொடியைத் தாங்கும் கைகள். பிறகு பல்க்ஹெட், அதாவது கண்ணாடிக்குக் கீழே கால் வைக்கும் பெட்டியோடு சேர்ந்த இரும்புச் சுவர். கதவுப் பிணைச்சல் பிடிக்கும் தூணின் அடி உக்கியிருந்தால் அது பெரிய வேலை.

முல்லைத்தீவுக் கரையில் வலைக்கும் வாடிக்கும் ஓடிய வாகனம் என்றால் இருமடங்கு கவனம். உப்பு, இரும்பையும் தின்னும். அலுமினியம் இரும்போடு முட்டும் இடத்தில் அலுமினியத்தையும் வெள்ளைத் தூளாக்கும். வயற்பக்கம் ஓடிய வாகனத்தை வாங்குவதே நல்லது, மேல்தகடு நெளிந்திருந்தாலும்.

ஷெல் துண்டு பட்ட ஓட்டைகளும் இருக்கும். அலுமினியத் தகட்டில் இருந்தால் பயமில்லை. அக்ஸில் கூட்டிலோ சசியிலோ டாங்கியிலோ இருக்கிறதா என்று ரோர்ச் அடித்துத் தேடுங்கள். பெயின்றும் சேறும் மூடி மறைத்திருக்கும்.

3. கொட்டில், கட்டை, சாவி

ஒரு தகரக் கொட்டில், அடியில் சீமெந்து நிலம். முழுக்கச் சீமெந்து போட முடியாவிட்டாலும் ஜக் வைக்கும் நான்கு இடத்திலாவது தடித்த சீமெந்துத் தட்டு வேண்டும். செம்மண்ணில் ஜக் புதையும், மாரியில் சரியும். தாங்கு கட்டைக்கு முதிரை அல்லது பாலைக் குத்திகள் நல்லவை. சீமெந்துக் கல்லை வாகனத்துக்குக் கீழே வைக்காதீர்கள். அது எச்சரிக்கை தராமல் உடையும்.

இங்கே புதிதாக வருபவர்கள் அறியாத ஒன்று: இந்த வாகனத்தின் கை பிறேக் சில்லைப் பிடிப்பதில்லை. கியர் பொக்ஸுக்குப் பின்னால் உள்ள டிரம்மை, அதாவது பின் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின்சில்லு ஒன்றை ஜக்கில் தூக்கினால் டிபரன்ஷியல் வழியாக மற்றச் சில்லு உருளும், கை பிறேக் போட்டிருந்தாலும். ஆகவே சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஜக்கைத் தொட வேண்டும்.

எஞ்சின் தூக்கச் செயின் புளொக் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். அதைக் கொட்டில் வளையில் கட்டாதீர்கள். மூன்று தடித்த மரங்களில் தனி முக்காலி கட்டி, கால்கள் விரியாமல் அடியில் சங்கிலியால் பிணையுங்கள்.

சாவி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த வாகனத்தில் இருப்பவை அங்குல நட்டுகள், சில இடத்தில் விற்வேர்த், பி.எஸ்.எஃப் என்ற பழைய பிரித்தானியப் புரி வகைகளும் உண்டு. பெரும்பாலான கராஜ்களில் கையில் இருப்பது மில்லிமீற்றர்ச் சாவி. அரை அங்குல நட்டுக்கு 13 மி.மீ. சாவி போகும், ஆனால் அரை அங்குலம் 12.7 மி.மீ. அந்த 0.3 மி.மீ. இடைவெளியில்தான் துருப்பிடித்த நட்டின் மூலைகள் வழுக்கி உருண்டையாகின்றன. பிறகு உளியும் கிறைண்டரும்தான். முதற்செலவு ஒரு செற் அங்குலச் சாவியும் ஆறுமுகச் சொக்கற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போகவேண்டி வரும். போக முன் பட்டியல் முழுமையாக வேண்டும். அது ஐந்தாம் படி முடிந்த பிறகே முழுமையாகும். ஒவ்வொன்றாக வாங்கப் போனால் பாகத்தின் விலையை விடப் பயணச் செலவு கூடும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அருகருகே வைத்துப் பார்த்து வாங்குங்கள். "இதுவும் லான்ட் றோவர்தான்" என்று சொல்லித் தருவது வேறு வருடத்து மாதிரியாக இருக்கும்.

4. கழற்ற முன் எஞ்சினை எழுப்புங்கள்

எஞ்சின் ஓடினால், கியர் பொக்ஸ் எப்படி, கிளச் எப்படி, எங்கே ஒயில் கசிகிறது என்று ஒரே நாளில் தெரியும். கழற்றிய பிறகு இதை அறிய வழியில்லை. அதனால்தான் இந்தப் படி முன்னுக்கு வருகிறது.

பிளக் நான்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எஞ்சின் ஒயிலும் டீசலும் கலந்து சிறிது ஊற்றி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு முன்னால் ஹான்டில் போட்டுக் கையால் மெல்ல அசையுங்கள். அசையாவிட்டால் இன்னும் ஊற்றிப் பொறுங்கள். டிராக்டரில் கட்டி இழுத்துச் சுற்றவைப்பது எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. சிலிண்டரோடு ஒட்டிய ரிங் அந்த இழுவையில் உடைந்து சுவரைக் கீறும். அதோடு ஒரு சின்ன வேலை, சிலிண்டரைக் கடையும் ரீபோர் வேலையாகிவிடும்.

சுதந்திரமாகச் சுற்றிய பிறகு பழைய ஒயிலை வடியுங்கள். பால் கலந்ததுபோல் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் காஸ்கட்டையோ வெடிப்பையோ தேட வேண்டும். புது ஒயில் ஊற்றி, பிளக் போடாமல் ஹான்டிலால் நிறையச் சுற்றுங்கள். பெயரிங்குகளுக்கு ஒயில் ஏறிய பிறகே பற்றரி.

பழைய டாங்கியிலிருந்து பெற்றோல் எடுக்காதீர்கள். உள்ளே துருவும் கோந்தும் இருக்கும். ஒரு சுத்தமான கானில் இருந்து குழாய் போட்டு பெற்றோல் பம்புக்குக் கொடுங்கள். டிஸ்றிபியூற்றருக்குள் இருக்கும் பொயின்ற்றின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் ஏறத்தாழ 0.030 அங்குலம், தீப்பொறி வரிசை 1-3-4-2. பொயின்ற் முகத்தை மெல்லிய அரத்தாளால் துடைத்தாலே பாதி வாகனங்கள் பற்றிக்கொள்ளும்.

ஓடியதும் சூடாக்கி, சிலிண்டர்களின் அமுக்கம் அளவுங்கள். ஒரு சிலிண்டரில் குறைவாக இருந்தால் அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கள். ஏறினால் தேய்ந்தது ரிங், ஏறாவிட்டால் வால்வு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்களில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். ரிங்கும் பெயரிங்கும் சேர்ந்தே தேய்ந்திருக்கும்.

5. கழற்றும் முறை

முழுவதையும் கழற்றாதீர்கள். ஒரு பகுதியைக் கழற்றி, திருத்தி, பூட்டி முடித்த பிறகு அடுத்தது. சசியில் பெரிய வெல்டிங் இருந்தால் மாத்திரம் பொடி முழுவதும் இறங்க வேண்டும். அப்போதும் அக்ஸிலும் சில்லும் கடைசி வரை சசியில் இருக்கட்டும். உருட்டக்கூடிய வாகனத்தை மழை வந்தால் நகர்த்தலாம், வெல்டிங்குக்கு வெளியே தள்ளலாம்.

கழற்ற முன் ஃபோனில் படம் எடுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு படம் தூரத்தில், ஒன்று கிட்ட. உதவிக்கு வரும் பெடியள் சந்தோஷமாக வந்து, "அண்ணை, போல்ட் எல்லாத்தையும் ஒரு வாளிக்குள்ள போட்டிட்டன்" என்பார்கள். அந்த ஒரு வாளியால் வேலை மாதக்கணக்கில் பிந்தும். ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுக்கும் ஒரு பழைய மாப்பேணி, வெளியில் பெயின்றால் பெயர். கடதாசித் துண்டு எழுதி உள்ளே போட்டால் ஒயிலில் ஊறி அழிந்துவிடும்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல்நாள் மாலையே டீசலும் ஒயிலும் விட்டு வையுங்கள். அடுத்தநாள் சூடு காட்டி, முதலில் சிறிது இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். துருவின் பிடி அந்த முன்பின் அசைவில்தான் விடும். டாங்கியும் பெற்றோல் குழாயும் வாகனத்தில் இருக்கும் வரை சூடு காட்டக் கூடாது.

6. சசியும் பல்க்ஹெட்டும்

முழு வேலையிலும் அவசரப்படக் கூடாத இடம் இது. பிறகு பூட்டுவதெல்லாம் இதன்மேல்தான் நேராக நிற்க வேண்டும்.

முதலில் சசிக்குள் இருக்கும் மண்ணை எடுங்கள். அடியில் தண்ணீர் வடிய வைத்த ஓட்டைகள் அடைபட்டிருக்கும். கம்பியால் குத்தித் திறந்து, தண்ணீர் இறைக்கும் பம்பின் குழாயை ஒரு நுனியில் விட்டு மற்ற நுனியால் தெளிந்த தண்ணீர் வரும் வரை அடியுங்கள். வயல் சேறு வரும், எலிக்கூடு வரும், துருச் செதில் வரும். வெயிலில் நன்றாகக் காயட்டும். உள்ளே மண்ணை வைத்துக்கொண்டு வெளியே வெல்டிங் செய்தால் ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

பிறகு அளவெடுங்கள். சசியின் இரு பக்கத்திலும் ஒத்த ஸ்பிரிங் தாங்கிகளுக்கு இடையே மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சசி நேர். வித்தியாசம் பெரிதென்றால் அது அடிபட்ட வாகனம். சசி நேராக்கும் வசதி உள்ள கராஜுக்கு அனுப்புங்கள்.

உக்கிய பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டுங்கள். பழைய சசித் தகடு ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்பு. ஒட்டுத் தகடு 2 முதல் 3 மி.மீ. இருந்தால் போதும். 5 மி.மீ. தகடு போட்டால் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். சசி ஓட்டத்தில் சிறிது முறுகி வளைய வேண்டியது. ஓரிடம் மாத்திரம் விறைத்தால் அதன் விளிம்பில் வெடிக்கும். ஒட்டுத் தகட்டின் முனையைச் சதுரமாக வெட்டாமல் சரிவாக வெட்டுவதும் இதற்காகத்தான்.

உக்கிய துண்டுகள் பல இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். ஒன்றை வெட்டி, புள்ளி புள்ளியாகப் பிடித்து, மூலைவிட்டத்தைத் திரும்ப அளந்து, பிறகு முழுதாக ஒட்டுங்கள். ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி ஒட்டினால் சூட்டில் இழுபடாது. வீட்டு மின்னிணைப்பில் வெல்டிங் பிளாண்ட் போடும்போது நீளமான மெல்லிய வயரில் கொடுக்காதீர்கள். மின் அழுத்தம் விழுந்தால் கம்பி உருகி மேலே குவியும், உள்ளே பிடிக்காது. பார்வைக்கு நல்ல ஒட்டாகத் தெரியும், தட்டினால் கழரும்.

பல்க்ஹெட்டில் தூணை வெட்ட முன், இரண்டு தூண்களுக்கும் இடையே குறுக்காக ஒரு கோண இரும்பைத் தற்காலிகமாக ஒட்டுங்கள். அந்தக் குறுக்கு இரும்பு இல்லாமல் வெட்டினால் தூண்கள் விரியும். கதவு பிறகு எந்த வித்தை செய்தும் பொருந்தாது.

முடிந்ததும் வெளிப்பக்கம் துத்தநாக பிறைமர். உட்பக்கத்துக்குப் பெயின்ற் போகாது. வடிகால் ஓட்டைகளால் ஒயிலோ மெழுகுக் கலவையோ விசிறுங்கள். அந்த ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள்.

7. ஸ்பிரிங்கும் அக்ஸிலும்

ஸ்பிரிங் தட்டுகளைப் பிரித்து, துரு எடுத்து, கிறீஸ் பூசிச் சேர்க்கலாம். வெடித்த தட்டை ஒட்ட வேண்டாம், மாற்றுங்கள். ஸ்பிரிங் நுனியில் உள்ள றப்பர் புஷ் பழையதென்றால் மாற்றியே ஆக வேண்டும். அதை எடுக்கப் பாடுபட வேண்டியிருக்கும். உள் றப்பரை வெட்டியெடுத்து, வெளி வளையத்தை வாள் அலகால் நீளவாக்கில் கீறினால் வரும்.

போல்ட்டை இறுக்கும் நேரம்தான் முக்கியம். வாகனம் கட்டையில் நிற்க, ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கினால், றப்பர் அந்தத் தொங்கல் நிலையில் பிடித்துக்கொள்ளும். வாகனத்தை இறக்கியதும் முறுகி, சில மாதத்தில் கிழியும். கையால் மாத்திரம் பூட்டி, சில்லில் இறக்கி, எஞ்சினும் பொடியும் ஏறிய பிறகு கடைசி இறுக்கு.

முன் அக்ஸிலில் சில்லுத் திரும்பும் உருண்டைகளைத் துடைத்துப் பாருங்கள். மேலே குறோம் உரிந்து குழி விழுந்திருந்தால் புது சீல் போட்டாலும் ஒயில் நிற்காது. அக்ஸிலின் மேலே சின்ன மூச்சுக்குழாய் மூடி உண்டு. அது மண்ணால் அடைபட்டால் சூட்டில் அமுக்கம் ஏறி நல்ல சீலையும் தள்ளும். சீலுக்குக் காசு செலவழிக்க முன் அந்த மூடியைச் சுத்தம் செய்யுங்கள்.

8. பிறேக்: இதில் பழையது எதுவும் வேண்டாம்

வாகனம் தன் வலுவில் நகர முன் பிறேக் முடிந்திருக்க வேண்டும். முற்றத்துக்குள் மாத்திரம்தான் என்று சொல்லிக்கொண்டு பிறேக் இல்லாமல் ஓட்டுவதை நிறையப் பார்க்கலாம். முற்றத்தில்தான் பிள்ளைகள் நிற்பார்கள்.

மாஸ்டர் சிலிண்டர் றப்பர், சில்லுச் சிலிண்டர்கள், மூன்று வளையும் ஹோஸ்கள், துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் எல்லாம் புதிது. பெரும்பாலான 88 அங்குல வாகனங்களுக்கு 10 அங்குல டிரம், 109க்கு 11 அங்குலம். லைனர் வாங்கும்போது மாறிவிடாமல் சொல்லுங்கள். டிரம்மில் படி விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து மட்டமாக்கலாம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் செய்வார்கள்.

பிறேக் ஒயில் முடிந்தால் எஞ்சின் ஒயிலோ ஹைட்ரோலிக் ஒயிலோ ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கனிய எண்ணெய் பட்டதும் பிறேக் றப்பர் ஊதும். முதல்நாள் பிறேக் பிடிக்கும், பிறகு விடாது. அப்படி ஊற்றப்பட்ட வாகனம் என்றால் றப்பர் அத்தனையையும் மாற்றி, குழாயையும் கழுவ வேண்டும்.

காற்று எடுக்க முன் ஷூக்களை டிரம்முக்குக் கிட்டச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் காற்று முழுதாக வெளியேறியும் பெடல் கீழே போகும். காற்று இன்னும் இருக்கிறதென்று நினைத்து ஒயிலை வீணாக்குவீர்கள்.

9. எஞ்சின், கிளச், கியர் பொக்ஸ்

நான்காம் படியில் அமுக்கம் நன்றாக இருந்தால் எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். காஸ்கட், சீல், தேர்மோஸ்ரற், ஹோஸ் மாற்றி, புளொக்கின் பக்கத்தில் உள்ள தகட்டு மூடிகளை மாத்திரம் குத்திப் பாருங்கள். அவை உள்ளிருந்து அரித்து மெலிந்திருக்கும்.

ஹெட் கழற்றினால் திரும்பப் பூட்டும்போது நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். பெரிய போல்ட்டுகள் 65 இறாத்தல் அடி. ரெப்பற் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் இடையிலுள்ளது, எல்லா வால்வுக்கும் 0.010 அங்குலம். எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு ஒன்பது என்ற கணக்கு உதவும்: 8 ஆவது முழுதாகத் திறந்திருக்கும்போது 1 ஆவதை அளவுங்கள், 6 ஆவது திறந்திருக்கும்போது 3 ஆவதை. கூட்டினால் எப்போதும் 9.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். எங்கள் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கேத்திலில் வெள்ளைக் கல் படியவைப்பது. அதே கல் புளொக்குக்குள்ளும் படிந்து சூட்டை வெளியே விடாது. மாரியில் மழைத்தண்ணீரைப் போத்தலில் பிடித்து வைத்து, கூலண்ட் கலந்து விடுங்கள்.

நெடுங்காலம் கிடந்த வாகனத்தில் கிளச் தட்டு ஃபிளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கும். கியர் பொக்ஸ் எப்படியும் இறங்குவதானால் தட்டையும் தள்ளு பெயரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். அந்த ஒரு பெயரிங்குக்காகத் திரும்ப அவ்வளவையும் இறக்குவது கொடுமை. சீரிஸ் 2, 2ஏ கியர் பொக்ஸில் முதல் இரண்டு கியருக்கும் சின்க்றோ (கியர் சத்தமின்றிச் சேர உதவும் அமைப்பு) இல்லை. கரகரப்பதை வைத்து உடைந்துவிட்டது என்று பிரிக்க வேண்டாம்.

10. வயரிங்

எலி கடித்த பழைய வயரை ஒட்டுப்போட்டு ஓட்டுவதை விடப் புதிதாக இழுப்பது கெதியான வேலை. பற்றரி பூட்ட முன் எந்த முனை சசிக்குப் போகிறது என்று பாருங்கள். பழைய மாதிரிகளில் நேர் முனை சசிக்கு இருக்கும். பழக்கத்தில் மாற்றிப் பூட்டினால் பிறகு போட்ட ஒல்ரனேற்றரும் றேடியோவும் எரியும்.

பழைய பெட்டியில் ஃபியூஸ் இரண்டே இரண்டு. லைற்றுக்கும் ஹோனுக்கும் வைப்பருக்கும் தனித்தனி ஃபியூஸ் வைத்துப் புதுப் பெட்டி போடுங்கள். ஒவ்வொரு லைற்றுக்கும் சசி வரை ஒரு கறுப்பு வயர் இழுங்கள். அலுமினியத் தகட்டை நம்பி எர்த் கொடுத்தால் மேலே படியும் ஒக்சைட் படலம் மின்னைத் தடுக்கும். மங்கலாக எரியும் லைற்றின் காரணம் அநேகமாக அதுதான்.

11. அலுமினியத் தகடுகள்

இந்தக் கலவைத் தகட்டைத் தட்டத் தட்ட அது விறைக்கும். விறைத்த பிறகும் தட்டினால் வெடிக்கும். அதற்கு முன் இளக்க வேண்டும். அலுமினியம் சிவந்து காட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகி விழும். ஆகவே நெளிந்த இடத்தில் சன்லைற் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே கோடாகத் தேயுங்கள். பின்பக்கத்திலிருந்து காஸ் நெருப்பை அசைத்து அசைத்துக் காட்டுங்கள். மஞ்சள் கோடு பழுப்பாகி, கறுக்கத் தொடங்கியதும் நெருப்பை எடுத்துவிடுங்கள். ஆறிய பிறகு அந்த இடம் விரலுக்கே வளைந்து கொடுக்கும். மரச் சுத்தியலால், பின்னுக்கு மணல் மூட்டை வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தட்டி எடுங்கள்.

இரும்புக் கம்பித் தூரிகையால் அலுமினியத்தைத் தேய்க்காதீர்கள். இரும்புத் துகள் அதில் பதிந்து, பெயின்றுக்குக் கீழே அரிப்பைத் தொடக்கும். பூட்டும்போது இரும்பும் அலுமினியமும் முட்டும் எல்லா இடத்திலும் நடுவில் பெயின்றும் ஒரு றப்பர்ப் பட்டியும் வேண்டும். பழைய ரியூப்பை வெட்டினால் போதும். போல்ட்டுகள் துத்தநாகம் பூசியவையாக இருக்கட்டும்.

எல்லாத் தகட்டையும் பெயின்ற் அடிக்க முன் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். கதவு இடைவெளி சரிவராவிட்டால் கதவைத் தட்டாமல் பல்க்ஹெட்டைச் சசியோடு பிடிக்கும் இடத்தில் சரிசெய்யுங்கள். பெயின்ற் அடித்த பிறகு இதைச் செய்தால் அடித்த பெயின்றெல்லாம் கீறுப்படும்.

12. பெயின்ற்

மாசி, பங்குனி நல்ல காலம். வைகாசி தொடங்கினால் சோழகக் காற்றில் செம்மண் புழுதி பறக்கும். ஐப்பசிக்குப் பிறகு ஈரம் விடாது. காலைப் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, வெயில் ஏற முன் நிறுத்துங்கள். கொட்டில் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்தால் புழுதி எழாது.

அலுமினியத்துக்கு எட்ச் பிறைமர் (உலோகத்தைச் சிறிது அரித்துப் பிடித்துக்கொள்ளும் பிறைமர்) முதல்பூச்சு. இரும்புக்கு அடிக்கும் சாதாரண பிறைமரை அடித்தால் ஒரு வருடத்தில் தோல் தோலாக உரியும்.

13. முதல் ஓட்டம்

முதலில் வளவுக்குள், பிறகு குளக்கட்டு வீதியில், அதன் பிறகே ஏ9. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு சில்லு நட்டு, யூ போல்ட், ஸ்டியறிங் மூட்டுகளை இறுக்கிப் பாருங்கள். புதிதாகப் பூட்டியவை அமர்ந்து தளரும். டிரம்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மாத்திரம் கொதித்தால் அங்கே ஷூ உரசுகிறது. எஞ்சின் ஒயிலைச் சீக்கிரமே ஒருமுறை மாற்றுங்கள்.

தார் வீதியில் நான்கு சில்லு இழுவையைப் போடாதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிபரன்ஷியல் இல்லாததால், திருப்பத்தில் முன் சில்லுகளும் பின் சில்லுகளும் ஓட வேண்டிய தூர வித்தியாசம் கியரிலும் ஷாஃப்டிலும் முறுக்காக ஏறும். மஞ்சள் குமிழை அமுக்கினால் நான்கு சில்லும் சேரும். சிவப்பு லீவரை லோவுக்கு (குறைந்த வேகக் கியர் நிலைக்கு) எடுத்தாலும் சேரும். சேறு, மணல், வயல் வரம்பு வந்தால் மாத்திரம்.

புகைப் பரிசோதனைக்கு நன்றாகச் சூடேறிய எஞ்சினோடு போங்கள். குளிர்ந்த எஞ்சினில் சோக் சிறிது இழுபட்டிருந்தாலே தோற்கும். அந்தச் சான்றிதழையும் காப்புறுதியையும் கொண்டு பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரம் எடுக்கலாம்.

முதல் பெருமழையில் வாகனத்தை வெளியே விட்டு, கால் வைக்கும் பெட்டியின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். காற்று வரும் மூடிகளாலும் கண்ணாடிச் சட்டத்தின் அடியாலும் தண்ணீர் இறங்கும். எங்கே இறங்குகிறதோ அங்கே வெண்கட்டியால் குறித்து, காய்ந்ததும் றப்பரை மாற்றுங்கள்.